நம் பழைய சபைகளுக்குள் இனி எழுப்புதல் வருமா?

நாசரேத்_துரை

எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கிற சபை வட்டத்தில், கடைசித் திருமண்டலத் (பேராயர் மாவட்டத்) தேர்தல் முடிந்ததிலிருந்து இரண்டு அணிக்காரர்களும் ஒரே வரிசையில் உட்காருவதில்லை. அசன விழாவுக்கு (சபைப் பொது விருந்துக்கு) யார் பொறுப்பு என்பதற்கே வழக்குப் போடலாமா என்று பேசுகிறார்கள். எந்தச் சேகரம், எந்த ஐயர் (குருவானவர்) என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தென் மாவட்டத்தில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதைதான். சபையின் தலைமை மன்றமான சினாட் தகராறே உச்ச நீதிமன்றம் வரை போய் நிற்கும்போது நம்மூர் டி.சி. (திருமண்டலக் கவுன்சில்) தேர்தலைத் தனியாக என்ன குறை சொல்ல?

நான் கேட்க வந்தது வேறு. ஒவ்வொரு வருடமும் கன்வென்ஷன் பந்தலில் "எழுப்புதல் தாரும்" என்று கண்ணீரோடு ஜெபிக்கிறோம். வெளியூர்ப் பிரசங்கியார் வருகிறார், கடைசி நாள் ஒப்புக்கொடுக்கிற ஜெபம் நடக்கிறது, மறுநாள் பந்தல்காரர் வந்து எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு போகிறார். கல்லூரி, ஆஸ்பத்திரி, நிலம், தேர்தல், வக்கீல் என்று ஆகிப்போன ஒரு சபைக்குள் உண்மையான எழுப்புதல், அதாவது ஆத்தும விழிப்பு, வர முடியுமா? எங்கேயாவது வந்திருக்கிறதா? என் மகன் ஏற்கெனவே ஒரு சுயாதீன சபைக்குப் போய்விட்டான். அவனிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை.

சாம்_பெங்களூரு

அண்ணே, நேராகவே சொல்லிவிடுகிறேன், வராது. நானும் சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் வாங்கி, கொயரில் பாடி வளர்ந்தவன்தான். ஓய்வுநாள் பள்ளி வாத்தியாராகக்கூட இருந்திருக்கிறேன். சபைக்கு ஒரு சொத்தும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டியும் வந்துவிட்டால், அப்புறம் கமிட்டிக்காகத்தான் சபை. புது ரசத்தைப் பழைய துருத்தியில் வார்க்கிறதில்லை என்று மத்தேயு 9-ல் ஆண்டவரே சொல்லிவிட்டார்.

பாஸ்டரம்மா_கோவில்பட்டி

சாம் தம்பி, பிரிந்து போகிற ஒவ்வொருவரும் அந்தத் துருத்தி வசனத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். பத்து வருடம் கழித்து அவர்கள் சபையிலிருந்து பிரிகிறவர்களும் அதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். துருத்தி வியாபாரத்துக்கு மட்டும் குறைவே இல்லை!

ஏட்டுச்சுவடி

துரை அண்ணாச்சி, உங்கள் சீமையிலிருந்தே தொடங்கலாம். 1860-ல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நடத்திவந்த கிறிஸ்தியான்பேட்டைச் சபைகளில் ஒரு பெரிய எழுப்புதல் உண்டானது. பாவ அறிக்கை, அழுகை, அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் அப்போதே எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருக் கூட்டங்கள் 1906-ல். இது அதற்கு நாற்பத்தாறு வருடம் முந்தியது. பெந்தெகொஸ்தே அனுபவம் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது என்று இன்றைக்கும் பிரசங்கத்தில் கேட்கிறோம், அதனால்தான் இதைச் சொல்கிறேன். அருளப்பனின் வட்டத்தோடு அது நிற்கவில்லை. சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் சபைகளுக்குள்ளும் பரவியது. மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் இது வெறும் உணர்ச்சிவசம் என்று முகம் சுளித்தார்கள்.

அடுத்து 1903. பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்தியர் பணம், இந்தியர் ஊழியர், இந்தியர் நிர்வாகம் என்பதுதான் அதன் கொள்கை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா அதன் பின்னால் இருந்தார். தமிழ்ச் சபை தன் பணத்தில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. 1912-ல் அதே தோர்ணக்கல்லுக்கு அசரியா முதல் இந்திய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) பேராயரானார். வாலிபர் ஜெபக்குழுக்களிலிருந்து எழுந்து, பிற்பாடு வட இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்பிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் இதே மண்ணில் முளைத்ததுதான். இவையெல்லாம் திருமண்டலம், சேகரம், காணிக்கைப் பை எல்லாம் இருந்த சபைகளுக்குள் நடந்தவை.

சாம்_பெங்களூரு

ஐயா, நீங்கள் தந்த முதல் உதாரணமே என் பக்கம் சாய்கிறதே. அருளப்பன் எந்த மிஷன் சங்கத்துக்கும் சம்பள ஊழியராக இருக்க மறுத்தவர். மிஷனரி ரேனியஸிடம் படித்தவர், எந்தச் சங்கத்தையும் சேராத மிஷனரியான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸோடு பழகியவர். அவர் வெளியே இருந்ததால்தான் தீ பிடித்தது. அவருக்குப் படிப்புச் சொல்லித்தந்த ரேனியஸுக்கு என்ன நடந்தது? ஆங்கிலிக்கன் சபை முறைமையைக் கண்டித்து எழுதினார், 1835-ல் சி.எம்.எஸ். வெளியேற்றியது. திருநெல்வேலிச் சபைகளை நின்று வளர்த்த மனிதருக்கே அந்த மரியாதை என்றால் மற்றவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஏட்டுச்சுவடி

சரி, ஒப்புக்கொள்கிறேன். பொறி பெரும்பாலும் ஓரத்தில்தான் விழுகிறது. ஆனால் வெளியே போனவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா?

நாசரேத்துக்குப் பக்கத்தில் 1857-ல் சட்டாம்பிள்ளை தனியாகப் பிரிந்து தொடங்கிய ஏக இரட்சகர் சபையைத் துரை அண்ணாச்சிக்குத் தெரியாமல் இருக்காது. வெள்ளைக்கார மிஷனரியின் அதிகாரத்தையும் பணத்தையும் வேண்டாம் என்று சொன்ன துணிச்சல் பெரியது. அதில் நியாயமும் இருந்தது. மிஷனரி கால்டுவெல் சட்டாம்பிள்ளையின் மக்களைப் பற்றி எழுதியதைப் படித்த எவருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சபை இன்றும் சிறியதுதான்.

இன்னொன்று, 1860-ல் இங்கே எரிந்தது 1870-களில் திருவிதாங்கூர் பக்கம் போனது. அங்கே யுஸ்துஸ் யோசேப்பு என்ற சி.எம்.எஸ். குருவானவர் அதில் இழுக்கப்பட்டு, 1881-ல் கிறிஸ்து வருகிறார் என்று தேதி குறித்துவிட்டார். தனிச் சபையாகப் பிரிந்து யுயோமயம் என்று பெயரும் வைத்தார்கள். 1881 வந்தது, போனது. கணக்குக் கேட்க ஆளில்லாத எழுப்புதலுக்கு இப்படியும் ஒரு முடிவு உண்டு.

இதே கேரளத்தில் நடுவில் ஒரு வழியும் இருந்தது. மாராமண்ணில் சிரியன் சபைக் குருவான ஏபிரகாம் மல்பான் 1836-லிருந்து வழிபாட்டைத் திருத்தினார். உள்ளேயே இருக்கத்தான் பார்த்தார். வழக்கு அரச நீதிமன்றம் வரை போய் 1889-ல் சீர்திருத்தக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. பெரும்பாலான கோவில்களும் சொத்தும் கையை விட்டுப் போயின. அவர்களுடைய மார்த்தோமா சபை வெறுங்கையோடுதான் நின்றது. சில வருடங்களில் பம்பை ஆற்று மணலில் மாராமண் கன்வென்ஷன் கூடத் தொடங்கியது, இன்றும் கூடுகிறது. சொத்து போன பிறகு வந்த எழுப்புதல் என்று சாம் இதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மரியதாஸ்_திருச்சி

நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கன்). ஒரு வார்த்தை சொல்லலாமா? உங்கள் பேச்சு எல்லாம் கீழேயிருந்து வருகிற எழுப்புதலைப் பற்றியே இருக்கிறது. எங்களுக்கு மேலேயிருந்து வந்தது. எழுபத்தாறு வயதில் பாப்பரசரான இருபத்துமூன்றாம் யோவானை, கொஞ்ச காலம் ஓட்டிவிட்டுப் போவார் என்றுதான் பலர் எண்ணினார்கள். அவர் 1959 ஜனவரியில் பொதுச்சங்கம் கூட்டப்போகிறேன் என்றார். 1962 முதல் 1965 வரை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது. லத்தீனில் முணுமுணுத்த பூசை தமிழுக்கு வந்தது. குருவானவர் மக்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். பொதுநிலையினர் வாசகம் வாசித்தார்கள். பிற்பாடு பங்குகளில் அன்பியங்கள் வந்தன, பத்து இருபது குடும்பம் வீட்டில் கூடி விவிலியம் வாசிக்கிற வழக்கம். என் பாட்டி விவிலியத்தைக் கையில் எடுத்ததே இல்லை, என் அம்மா தினமும் வாசிக்கிறார். இதைவிடப் பெரிய நிறுவனம் உலகத்தில் இல்லை, அதுவே மாறியிருக்கிறது.

வடக்குத்தெரு

மரியதாஸ் பிரதர், உங்கள் ஊர் மேலப்புதூர்க் கல்லறையில் தலித் பிணத்துக்கும் மற்றப் பிணத்துக்கும் நடுவே எழுப்பிய சுவரைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது? வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. பூசை தமிழுக்கு வந்து நாற்பது வருடத்துக்கும் மேலான பிறகு!

சி.எஸ்.ஐ.காரர்கள் சிரிக்க வேண்டாம். டி.சி. தேர்தலில் அணி பிரிவது எந்தக் கணக்கில் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதமாட்டார்கள். பெந்தெகொஸ்தேயும் விலக்கில்லை. அந்நிய பாஷை ஒன்றாகப் பேசுகிறவர்கள் சம்பந்தம் பேசும்போது மட்டும் சுத்தத் தமிழில் "நம்ம ஆளுங்களா?" என்று கேட்கிறார்கள்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1833-ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும், அதுவும் உடனே என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நடந்தது என்ன? திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிக்க மாட்டோம் என்று ஆட்கள் கூட்டமாக வெளியேறினார்கள். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய கவிஞரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக நின்றார். இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது. நீங்கள் எழுப்புதல் என்று எதைச் சொன்னாலும் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன். கல்லறைச் சுவர் இடிந்ததா?

மரியதாஸ்_திருச்சி

மறுக்க முடியாது. ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஆவணமே வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆவணம் பங்கு வரைக்கும் இறங்க வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை.

நாசரேத்_துரை

வடக்குத்தெரு தம்பி கேட்டது எனக்கு உறைத்தது. அப்படியானால் என் கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன். சபை உடையாமல், ஆட்கள் வெளியே போகாமல், பணத்தையும் சாதியையும் தொட்ட எழுப்புதல் எங்காவது உண்டா?

ஏட்டுச்சுவடி

உண்டு, அண்ணாச்சி. ஆனால் அதற்கு நம் ஊரை விட்டு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1929 செப்டம்பர். உகாண்டாவின் கம்பாலாவில் நமிரெம்பே குன்றின்மேல் ஆங்கிலிக்கன் கதீட்ரல். ருவாண்டாவின் காஹினி மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஜோ சர்ச் என்ற ஆங்கிலேய டாக்டர் மனம் சோர்ந்துபோய் அங்கே வந்திருந்தார். சுகாதாரத் துறையில் வேலை பார்த்த சிமியோனி இன்சிபாம்பி என்ற உகாண்டாக்காரரைச் சந்தித்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து வேதத்தை வைத்துப் பேசி ஜெபித்தார்கள். கூட்டமோ மேடையோ கிடையாது. அடுத்த சில வருடங்களில் காஹினியில் தொடங்கியது ருவாண்டா, உகாண்டா, கென்யா, டாங்கனீக்கா என்று பரவியது. அவர்களுக்கு பலோகோலே என்று பெயர் வந்தது, மீட்கப்பட்டவர்கள் என்று பொருள்.

இதில் நான் கவனித்தது மூன்று விஷயம். வெளிச்சத்தில் நடப்பது என்று ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். வாராவாரம் கூடும் குழுவில் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டும். திருடிய பொருளை முதலாளியிடமும் அரசு அலுவலகத்திலும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், பழைய கடனைத் திருப்பினார்கள். அடுத்து, வெள்ளைக்கார மிஷனரியும் அதே குழுவில் கறுப்பர் முன்னால் தன் கர்வத்தை அறிக்கையிட வேண்டியிருந்தது. காலனி ஆட்சிக் காலத்தில் அது லேசான காரியம் இல்லை. மூன்றாவது, அவர்கள் சபையை விட்டுப் போகவில்லை. 1941-ல் முகோனோவில் இருந்த குருத்துவக் கல்லூரியிலிருந்து வில்லியம் நாகெண்டா உட்பட இருபத்தாறு பேரை வெளியேற்றினார்கள். வேறு எங்கேயும் என்றால் அன்றைக்கே புதுச் சபைப் பலகை மாட்டியிருப்பார்கள். இவர்கள் மாட்டவில்லை. பேராயர் ஸ்டுவர்ட்டும் உறவை முற்றாக முறித்துக்கொள்ளவில்லை, சபை உடையாமல் பார்த்துக்கொண்டார். தலைமை செய்த பெரிய உதவி அவ்வளவுதான்.

கனி என்ன? 1950-களில் கென்யாவில் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக மவ் மவ் போர் நடந்தபோது பலோகோலே ஆட்கள் போராளிகளின் சத்தியப்பிரமாணத்தையும் எடுக்கவில்லை, அரசு கொடுத்த துப்பாக்கியையும் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். 1948-ல் இந்த இயக்கத்தில் மனந்திரும்பிய ஜனானி லுவும் பின்னாளில் உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பேராயர்களுக்கெல்லாம் தலைவரானார். இடி அமீனின் கொலைகளைக் கண்டித்ததற்காக 1977 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். நிறுவனத்தின் உச்சியில் இருந்த ஆள் அவர்.

சாம்_பெங்களூரு

அருமையான கதை. ஆனால் அதே ருவாண்டாவில் 1994-ல் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. எழுப்புதல் பிறந்த நாடு. ஹூட்டுக்கள் டூட்ஸிகளைக் கொன்று குவித்த அந்த இனப்படுகொலையில், நியாமாட்டாவிலும் ந்தராமாவிலும் கோவிலுக்குள் ஓடி ஒளிந்தவர்களைக் கோவிலுக்குள்ளேயே வெட்டினார்கள். வெட்டியவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

வடக்குத்தெரு

நானும் அதைத்தான் எழுத வந்தேன். ஹூட்டு, டூட்ஸி என்பதை எடுத்துவிட்டு நம் ஊர்ப் பெயர்களைப் போட்டுப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஏட்டுச்சுவடி

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன். அந்த இரண்டு கோவில்களும் கத்தோலிக்கக் கோவில்கள், பலோகோலே ஆங்கிலிக்கன் இயக்கம் என்று நான் நழுவலாம். அது நேர்மையில்லை. ஆங்கிலிக்கன் தலைமையும் அன்றைய அரசோடு ஒட்டியே இருந்தது.

எனக்குத் தோன்றுவது இது. 1930-களில் ஹூட்டுவும் டூட்ஸியும் அந்தக் குழுக்களில் ஒன்றாக முழங்காலிட்டார்கள், அது நிஜம். பின்னால் இரண்டு காரியம் நடந்தது. அறிக்கையிட வேண்டிய பாவம் என்றால் குடி, பொய், விபசாரம், திருட்டு என்று ஒரு பட்டியல் படிந்துபோனது. இனப் பகையும் அரசியல் அதிகாரமும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அரசியல் உலகத்துக்காரியம் என்று ஒதுங்கினார்கள். அப்புறம், முதல் தலைமுறைக்குப் பிறகு பலோகோலே என்பதே சபைக்குள் ஒரு தகுதிச் சான்றாகிவிட்டது. பதவிக்கு வருகிறவர்கள் அந்த பாஷையைப் பேசக் கற்றுக்கொண்டார்கள். 1994-ல் பக்கத்து வீட்டு டூட்ஸியை மறைத்து வைத்துக் காப்பாற்றிய விசுவாசிகளும் இருந்தார்கள், அந்த இனத்து ஆட்களோடு சேர்ந்தே செத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சபை சபையாக எழுந்து நிற்கவில்லை.

ஆகவே சாம், எழுப்புதல் பொய் என்று நான் முடிவுகட்ட மாட்டேன். எதை அறிக்கையிடவில்லையோ அது அப்படியே உள்ளே இருந்தது. வடக்குத்தெரு கேட்கிற சுவர்க் கேள்வியும் இதுதான். நம் கன்வென்ஷன் பந்தலில் சினிமா பார்த்ததற்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதி பார்த்து வாக்குப் போட்டேன் என்று மைக்கில் சொல்லி அழுத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

சாம்_பெங்களூரு

அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சபையிலும் பார்த்ததில்லை.

பாஸ்டரம்மா_கோவில்பட்டி

பெரியவர்கள் பேராயர் அளவில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சேகரத்தில் வாழ்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். எந்த ஐயருக்கும் முதல் பயம் இடமாற்றம். கணக்குக் கேட்டால் ஒரு அணிக்குப் பகை, கேட்காவிட்டால் மனசாட்சிக்குப் பகை. கமிட்டியில் இருக்கிறவர் அடுத்த டி.சி.யில் ஓட்டுப் போடுகிறவர். ஐயர் பிள்ளைகளின் காலேஜ் சீட்டும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கண்ணியில் மாட்டியிருக்கிற ஒருவரிடம் எழுப்புதல் பிரசங்கம் பண்ணுங்கள் என்றால் பொதுப்படையாகத்தான் பண்ணுவார்.

ஆனால் அமைப்பு மாறவே மாறாது என்றும் சொல்லாதீர்கள். சி.எஸ்.ஐ.யில் 1976-ல் பெண்களுக்குக் குருத்துவப் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை வருடம் வாதாடினார்கள்! 2013-ல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரானார். அதைச் செய்தது கமிட்டியும் தீர்மானமும் ஓட்டும்தான். அன்றைக்கு எந்தப் பந்தலிலும் அக்கினி இறங்கவில்லை. வேதப் பெண்கள் என்று வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த நம் பாட்டிமார் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கூலிக்காரர்போல நடத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வரவேண்டிய மரியாதை ஒரு தீர்மானமாக வந்தது. எனக்கு அதுவும் ஆவியானவர் வேலைதான்.

நாசரேத்_துரை

ஏட்டுச்சுவடி ஐயா, வாராவாரம் கூடும் சிறு குழு என்றீர்கள். எங்கள் ஊரிலும் ஜெபக்குழு இருக்கிறது. பாட்டு, ஒரு வசனம், ஜெபக்குறிப்பு, காபி. பாவ அறிக்கையெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது. மறுநாளே டீக்கடையில் பேச்சாகிவிடும்.

ஏட்டுச்சுவடி

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வகுப்புக் கூட்டம் எப்படித் தொடங்கியது தெரியுமா? கடன் வசூலில். 1742-ல் பிரிஸ்டலில் கூடம் கட்டிய கடன் அடையவில்லை. ஃபோய் என்ற ஒரு கப்பல் கேப்டன் எழுந்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடுவோம் என்றார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்றார்கள். அப்படியானால் பரம ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் உண்டாயின. தலைவர் காசு வாங்க வீடு வீடாகப் போனபோதுதான் யார் குடிக்கிறான், எந்த வீட்டில் சண்டை, யார் பட்டினி என்பதெல்லாம் தெரியவந்தது. வெஸ்லி சட்டென்று பிடித்துக்கொண்டார். வசூல் முறை ஆத்தும விசாரணையாக மாறியது. அவர் 1791-ல் சாகும்வரை ஆங்கிலிக்கன் குருவாகவே இருந்தார். பிரிவினை அவருக்குப் பின்னால்தான் முழுமையானது. அந்தப் பிரிவின் ஒரு கிளை, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கனோடு மறுபடி ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனது. உங்கள் சேகரமே அந்த இணைப்பில் ஒரு துண்டு, அண்ணாச்சி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழு பாவ அறிக்கையில் தொடங்க வேண்டும் என்று இல்லை. கணக்கில் தொடங்கலாம். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து, எங்கள் சேகரத்தின் வரவு செலவு மாதாமாதம் கோவில் வாசலில் ஒட்டப்பட வேண்டும் என்று கேளுங்கள். எந்த அணியும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும், வடக்குத் தெரு தெற்குத் தெரு இரண்டிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும்.

வடக்குத்தெரு

சாப்பாடு வரைக்கும் இப்போது எங்கும் நடக்கிறது, போட்டோவும் எடுக்கிறார்கள். பெண் கொடுக்கிற விஷயம், கல்லறை விஷயம் இரண்டையும் அந்தக் குழுவில் பேசுவார்களா என்று துரை அண்ணாச்சி சொல்லட்டும்.

நாசரேத்_துரை

பேசினால் முதல் வாரமே பாதிப் பேர் வரமாட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன்.

வடக்குத்தெரு

மீதிப் பாதி வருவார்கள் இல்லையா? அவர்களோடு தொடங்குங்கள். வடக்குத் தெருவிலிருந்து ஆள் வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், உங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பம் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை, முதல் கூட்டம் எங்கள் தெருவில்.

சாம்_பெங்களூரு

என் கருத்து இன்னும் மாறவில்லை. இந்தக் குழு உருப்படியாக நடந்தால் இரண்டு வருடத்தில் கமிட்டி உங்களைச் சும்மா விடாது, பாருங்கள். அப்போது துரை அண்ணன் உள்ளே நிற்கிறாரா, வெளியே வருகிறாரா என்று இதே இழையில் எழுதட்டும்.

பாஸ்டரம்மா_கோவில்பட்டி

கமிட்டி விடாது என்பது சரிதான். அண்ணாச்சி, கணக்கு கேட்டு எழுதும் முதல் கடிதத்தை ஐயர் பெயருக்கு அனுப்பாதீர்கள், அந்த மனிதரைப் பாவம் நடுவில் மாட்டிவிட வேண்டாம். சேகரப் பொருளாளருக்கு அனுப்புங்கள், நகல் திருமண்டலப் பொருளாளருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில்.